டம்ளரின் அடியில் மண்டி

ஆறாம் அத்தியாயம்

“சாட்சியம் வேணும், அவ்வளவுதான். குற்றவாளி யாருன்னு கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடலை. அது எனக்கே தெரியும்” என்றார் ஹெட்மாஸ்டர் ஆரோக்கியநாதன்.

துப்பறியும் சுப்பராமன் கடுகடுவென்று அவரைப் பார்த்தார். காலையிலிருந்து அவருக்குக் காபி இல்லை. யுத்தம் வந்தாலும் வந்தது, காபிக்கொட்டை தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. எங்கள் ஆபீஸ் டப்பாவில் முந்தின நாளோடு தூள் தீர்ந்துபோயிருந்தது. காபி குடிக்காத சுப்பராமனோடு பேசுவதைவிடத் தேளைத் தடவிக் கொடுக்கலாம். அவருடைய உதவியாளன் பொன்னுரங்கமாகிய நான் இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

“இந்த ஆள் எதுக்கு?” ஹெட்மாஸ்டரின் கண் என் மேல் விழுந்தது. “எங்க ஸ்கூல் பியூன் இதைவிட நல்ல சட்டை போடறான்.”

“சட்டையைத் துப்பறியவா சார் கூப்ட்டீங்க? நாய் செத்ததைத்தானே?” என்றேன்.

“ரங்கம், வாயை மூடு” என்றார் சுப்பராமன். காலையிலிருந்து அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குத் தெற்கே ஒரு சந்து. அதில் வக்கீல் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். வக்கீல் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே அவர் மனைவி வேதவல்லி அம்மாள் மட்டும். மாடியில் குடக்கூலிக்கு ஆரோக்கியநாதன். சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர், மனைவி இல்லாதவர், மீசையிலேயே பிரம்பு வைத்திருக்கிற மனிதர்.

விஷயம் இதுதான். முந்தின நாள் புதன்கிழமை மத்தியானம் அவருடைய நாய் ராபின் கை கால் இழுத்துக்கொண்டு, நுரை தள்ளிச் செத்துப்போனது. பார்த்த மிருக வைத்தியர், எட்டிக்கொட்டை விஷம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டு மாடிக்கு அடியில் இருந்த பழைய வண்டிக் கொட்டகையில் ஈயம் பூசுகிற இனாயத் குடியிருந்தான். நாய்க்கு விஷம் வைத்துக் கொல்லுவேன் என்று அவன் தெருவில் நின்று கத்தியதைச் சந்து முழுக்கக் கேட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நாய் தின்ற கிண்ணத்துக்கு ஈயம் பூசிக் கொடுத்தவனும் அவனே. ஹெட்மாஸ்டர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். கொட்டகைக்குச் சொந்தக்காரியான வேதவல்லி அம்மாள் அவன் குடும்பத்தை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டாள். அன்றைக்கு அறுபத்துமூவர் உற்சவம். மாடவீதி பந்தோபஸ்துக்கு நடுவே சப்-இன்ஸ்பெக்டர் வந்து இனாயத்தை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

“கிண்ணத்தைக் காட்டுங்க” என்றார் சுப்பராமன்.

பித்தளைக் கிண்ணம். உள்ளே ஈயம் வெள்ளையாகப் பளபளத்தது. பாதி உயரத்தில் பழுப்பாக ஒரு கறை வட்டம் போட்டிருந்தது. எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அந்தக் கறைதான் விஷம்” என்றார் ஹெட்மாஸ்டர்.

“எறும்புக்குச் சொல்லுங்க சார். அது கல்யாணச் சாப்பாடு சாப்பிடறாப்பல கீது” என்றேன்.

“நாய்க்குச் சர்க்கரை போடுவீங்களா?” என்று கேட்டார் சுப்பராமன்.

“சர்க்கரை ரேஷனுக்கு நானே க்யூவில் நிக்கறேன். என்ன கேள்வி இது?” ஹெட்மாஸ்டர் பதில் சொல்லாமல் பதில் சொன்னார். நெற்றியில் ஈரத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார், கண் சிவந்திருந்தது.

“தலைவலியா?”

“உங்களைக் கூப்பிட்டா வராம என்ன செய்யும்? வாரம் பிறந்தா வருது, ஒரு மாசமா இதே தொல்லை. வந்த வேலையைப் பாருங்க.”

அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபச் சிலுவையை ஊதாத் துணியால் முழுக்க மூடி வைத்திருந்தார். “இன்னா சார், சாமிக்கும் பிளாக்அவுட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

“இன்னொரு வார்த்தை பேசினா உன்னைப் படியில் உருட்டிவிட்டுடுவேன்” என்றார். உருட்டக்கூடியவர்தான். நான் மேஜைப் பக்கம் நகர்ந்தேன். அங்கே ஒரு போட்டோ. மிலிட்டரி உடுப்பில் ஒரு பையன், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவன் கைக்குள் கருப்பு வெள்ளையாக ஒரு குட்டி நாய்.

“அகஸ்டின். என் ஒரே பையன்” என்றார் ஹெட்மாஸ்டர். குரல் இறங்கியது. “பர்மா எல்லையில இருக்கான். இருக்கான்னுதான் நினைக்கறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சாந்தோம் கடற்கரையில கிடந்த குட்டியைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு வந்தான். ‘அப்பா, நான் வர்ற வரைக்கும் ராபினைப் பாத்துக்குங்க’ன்னு சொல்லிட்டு ரயில் ஏறினான்.” சட்டென்று மீசை துடித்தது. “அதான், அந்தப் பயலை நான் விடமாட்டேன். அவன் பொண்டாட்டி பிள்ளையோட தெருவில கிடந்து சாகட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. சுப்பராமன் வாசல் பக்கம் திரும்பினார்.

“போறதுக்கு முன்னால ஒரு வாய் காபி கிடைக்குமா?”

“இந்த வீட்டில காபி கிடையாது” என்று ஹெட்மாஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தெருவில் கூட்டம். உற்சவம் பார்க்கப் புறப்பட்ட ஜனங்கள் போகிற போக்கில் இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டார்கள். கொட்டகைக் கதவில் பெரிய திண்டுக்கல் பூட்டு. வெளியே துருத்தி, குறடு, நவச்சாரப் பொட்டலம், யார் யாரோ ஈயம் பூசக் கொடுத்த அண்டா குண்டா எல்லாம் புழுதியில் கிடந்தன. சுவர் நிழலில் அன்வரி பேகம் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவனோ எறிந்த கல் ஒரு தவலையில் பட்டு ‘ணங்’ என்றது.

“வா நைனா, நீயும் ஒரு கல்லு எட்துக்கினு வா” என்றான் இனாயத் என்னிடம். கருத்த, ஒடிசலான ஆள். கண் மட்டும் கொதித்தது. “எல்லாரும் போட்டாச்சு, நீ ஒர்த்தன்தான் பாக்கி.”

“கல்லு கெடக்கட்டும் பாய். விஷம் வெப்பேன்னு கத்துனியா, இல்லியா?”

“கத்துனேன். ஆமா, கத்துனேன்! மாந்தம் வந்த புள்ள கண்ணு மூடாம கெடக்கறா. தலைக்கு மேல அந்த நாயி பேய் புடிச்சாப்பல ஓடுது, ஊளை உடுது. கத்தாம இன்னா பண்ணுவேன், ஆலாத்தி எடுப்பேனா?”

“எப்பலேர்ந்து இந்த ஓட்டம்?” என்றார் சுப்பராமன்.

“கோயில்ல சிவராத்திரி முழிச்சாங்களே, அதுக்கு மறுநா ஆரம்பிச்சிது சார். அன்னிலேர்ந்து எங்க வூட்டுல தெனம் சிவராத்திரிதான். அதுக்கு முன்னால தங்கமான நாயி. எங்கிட்ட வந்து ரொட்டி வாங்கித் துன்னுட்டுப் போவும்.”

“கிண்ணத்துக்கு ஈயம் எப்ப பூசினே?”

“பொங்கலுக்கு.”

“பொங்கலுக்குப் பூசின ஈயம் பங்குனியிலயா கொல்லும்? ரொம்பப் பொறுமையான விஷமா கீதே” என்றேன். கூட்டத்தில் ஒருத்தன் என்னை முறைத்தான். நியாயம் பேசுகிறவனைக் கூட்டத்துக்கு எப்போது பிடித்தது?

அன்வரி பேகம் தலை நிமிராமல் பேசினாள். “ஞாயித்துக்கெழமை ராத்திரி மட்டும் புள்ள தூங்கும். அன்னிக்கு மட்டும் மேல சத்தம் இருக்காது. அல்லா கண்ணத் தொறந்துட்டான்னு நெனப்பேன். திங்கக்கெழமை மறுபடி ஆரம்பிக்கும்.”

“ஹெட்மாஸ்டர் வூட்டு நாய் இல்ல? அதுக்கும் ஞாயித்துக்கெழமை லீவு போல” என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுப்பராமன் மட்டும் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விறுவிறு என்று வக்கீல் வீட்டு வாசற்படி ஏறினார்.

“அங்கேயே நில்லுங்கோ. ஆத்துக்குள்ளே என்ன வேலை?” வேதவல்லி அம்மாள் ரேழிக் கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் சாவிக் கொத்து. “கொட்டகைச் சாவி கேக்கத்தானே வந்தேள்? தரமாட்டேன். கொலைகாரனுக்கெல்லாம் குடக்கூலிக்கு விட எங்காத்துக்காரர் கட்டி வைக்கல்லை.”

“சாவி வேண்டாம் மாமி. காபி இருக்குமா?” என்றார் சுப்பராமன்.

நான் மிரண்டுபோனேன். ஆனால் மனிதருக்கு நிஜமாகவே நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காபி என்று கேட்டுவிட்ட பிறகு மயிலாப்பூரில் எந்த மாமிக்கும் இல்லையென்று சொல்ல வாய் வராது. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்து, படியில் டொக்கென்று வைத்தாள்.

“கொட்டை எங்கண்ணா சேலத்துலேர்ந்து அனுப்பறான். அதனாலே கிடைக்கறது. அதுக்குன்னு தெருவிலே போறவா எல்லாருக்கும் கலக்க முடியாது. எனக்கும் மேலாத்து ஸாருக்கும்தான்.”

“மேல் வீட்டுக்காரருக்கா?”

“ஏன், கிறிஸ்தவாளுக்குக் கொடுக்கப்படாதா? ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே ஓடித்தே, நானும் நகையை மடியிலே கட்டிண்டு திருச்சினாப்பள்ளிக்கு ஓடினேன். அப்போ வாசல்லே பாயைப் போட்டுண்டு இந்த ஆத்தைக் காப்பாத்தினது அவர்தான். ஒரு ஸ்பூன்கூடக் களவு போகல்லை. அன்னியிலேர்ந்து தினம் கார்த்தாலே மாடிப்படியிலே அவர் டம்ளரை வெச்சுட்டு ‘ஸார், காபி’ன்னு குரல் கொடுப்பேன். எங்க மனுஷா வாய்க்கு வந்தபடி பேசினா. பேசட்டுமே. நன்னியை விடவா மடி பெரிசு?”

சுப்பராமன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அந்த முகத்தில் உயிர் வந்ததைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கப் போனவர் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் டம்ளரை வாங்கி அதையும் பார்த்தார். இரண்டிலும் அடியில் ஒரு மடக்கு மிச்சம். கருப்பாக, சேறு மாதிரி மண்டி.

“ஏன் ரங்கம், இதைக் குடிக்கலை?”

“யுத்தத்துத் தூள் சார். பாதி சிக்கரி. கடைசி வாயைக் குடிச்சா தொண்டையில மணலு நிக்கும். யாரு குடிப்பா?”

“மாமி, மேல் வீட்டு டம்ளர் எப்படித் திரும்பி வரும்?”

“தண்ணி தெளிச்சு நான்தானே எடுத்துக்கறேன். துளி மிச்சம் இருக்காது” என்று மாமி பெருமையாகச் சொன்னாள். “இப்போல்லாம் மண்டிகூட விடாமே குடிச்சுடறார். அப்படிப் பிடிச்சிருக்கு எங்காத்துக் காபி. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் என்னமோ அடியிலே மண்டி நிக்கறது. அன்னிக்கு டிகாக்ஷன் சரியா இறங்கல்லையோன்னு மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“நேத்து?”

“நேத்துத் தேர். பால்காரனுக்கு மாட்டை ஓட்டிண்டு வர வழியில்லை. ஸார் காபியில்லாமே தவிப்பாரேன்னு, தேர் பாக்க ஊர்லேர்ந்து வந்தவாளுக்குப் போட்ட முதல் டிகாக்ஷனை ஒரு கூஜா ரொப்பி, வெல்லமும் ஒரு கட்டி வெச்சேன். பால் கிடைச்சா கலந்துக்கட்டும்னு. கூஜாவும் அலம்பினாப்பலேதான் வந்தது. ஏன் கேக்கறேள்?”

சுப்பராமன் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார்.

ஹெட்மாஸ்டர் கோட்டு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். “சாட்சியம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்ப கீழே வாங்க. இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். தெருவில எல்லார் முன்னாலயும் சொல்லுங்க!”

“முதல்ல கதவைச் சாத்துங்க” என்றார் சுப்பராமன். “காபி கேட்டேன், இந்த வீட்டில கிடையாதுன்னீங்க. ஆனா தினம் காலையில படியில ஒரு டம்ளர் வருது. அது எங்கே போகுது?”

“நான் குடிக்கறேன். வேற எங்கே போகும்?”

“ஞாயித்துக்கிழமை குடிக்கறீங்க. அன்னிக்கு மண்டி இருக்கு. மத்த ஆறு நாளும் டம்ளர் துடைச்ச மாதிரி வருது. இந்தத் தூளைக் குடிக்கிறவன் எவனும் மண்டியைக் குடிக்கமாட்டான், சார். டம்ளரைக் கவுத்தாத்தான் மண்டியும் சேர்ந்து போகும். எதுல கவுத்தீங்க?”

ஹெட்மாஸ்டரின் கண் அவரை மீறிக் கிண்ணத்துக்குப் போய்த் திரும்பியது. எனக்கு அந்தப் பழுப்பு வட்டம் இப்போது என்னவென்று விளங்கியது. அதில் ஏன் எறும்பு மொய்த்தது என்றும் விளங்கியது.

“நாய்க்குத்தான் ஊத்தினேன். அதுக்கென்ன இப்போ?” என்று கத்தினார். “பாலும் சர்க்கரையும் போட்ட ஒசந்த காபி! ஊரே குடிக்குது. காபி குடிச்சு எவன் செத்தான்? நான்சென்ஸ்! அந்த ஈயம் பூசறவன் கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?”

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சுப்பராமன் கையை நீட்டித் தடுத்தார்.

“போன வருஷம் பாண்டி பஜார்ல ஒரு காபி கிளப்புக்குப் பின்னால நாய்ங்க வரிசையா செத்து விழுந்துது. எதிர்க்கடைக்காரன் விஷம் வெச்சான்னு முதலாளி அடிதடிக்கே போயிட்டார். போய்ப் பார்த்தா, எச்சில் இலையோட காபிச் சக்கையையும் சந்துல கொட்டியிருக்காங்க. ஜிலேபிப் பாகு ஒட்டின சக்கை. இனிப்புன்னா நாய் எதைத்தான் விடும்? தின்ன நாய்ங்க ராத்திரியெல்லாம் நிலைகொள்ளாம ஓடுச்சு, நெஞ்சு படபடத்து, இழுத்துக்கிட்டு விழுந்துது. நமக்குச் சுறுசுறுப்பு கொடுக்கற சரக்கு நாய்க்கு விஷம், சார். அது உடம்புக்கு அதைச் சீக்கிரம் வெளியே தள்ளத் தெரியாது. சின்ன நாய்னா கேக்கவே வேண்டாம். நீங்க தினம் கொடுத்த டம்ளர்லதான் அது ராத்திரி ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை நீங்களே குடிச்சீங்க, அது தூங்குச்சு. நேத்துப் பாலில்லாத டிகாக்ஷன். ஒரு கூஜா பூரா.”

ஹெட்மாஸ்டர் கிண்ணத்தைப் பார்த்தார். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ரொட்டியைத் தோச்சு வெச்சேன்” என்றார் கடைசியில். “வெல்லத்தைப் பொடிச்சுத் தூவினேன். வாலை ஆட்டிக்கிட்டே தின்னுச்சு. கிண்ணத்தை நக்கிட்டு என் காலையும் நக்குச்சு.”

கீழே கூட்டத்தின் இரைச்சல் மேலே வந்துகொண்டிருந்தது. சுப்பராமன் சுவரில் இருந்த ஊதாத் துணியைப் பார்த்தார். “தபசு காலம், இல்லையா? நான் சாந்தோம் கோயிலுக்குப் பக்கத்துச் சந்துல வளர்ந்தவன். இந்த வருஷம் சிவராத்திரிக்கு மறுநாள்தான் உங்களுக்குச் சாம்பல் புதன். நாப்பது நாள் நோன்பு. ஞாயித்துக்கிழமை அந்தக் கணக்குல சேராது. காபியை விட்டீங்க, தலைவலியும் வந்துது.”

நான் பிளாக்அவுட் என்று கேலி பண்ணின துணி. என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அகஸ்டினுக்காக” என்றார் ஹெட்மாஸ்டர். “அவன் உசிரோட திரும்பணும்னு நேர்ச்சை. எனக்குக் காபியைவிடப் பெரிசா விடறதுக்கு வேற ஒண்ணும் இல்லை.”

“அந்தம்மாகிட்ட வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?” என்றேன்.

“எப்படிய்யா சொல்றது? சொந்தக்காரங்க ஏச்செல்லாம் வாங்கிக்கிட்டு எனக்கு ஒரு டம்ளர் வெக்கறாங்க. காரணம் சொல்லாம வேண்டாம்னா, ‘எங்க கையால குடிக்கமாட்டியா’ன்னு ஆயிடும். காரணம் சொன்னா நோன்பு போச்சு. அது ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல இருக்கணும். ஊருக்குச் சொல்லிட்டா அது நோன்பில்லை, ஜம்பம்.” சட்டென்று எழுந்து சுப்பராமனின் கையைப் பிடித்துக்கொண்டார். “சாட்சியம் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க. புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். காபி விஷயம் வெளியே வரவேண்டாம்.”

“சாட்சியம் இல்லைன்னா இன்ஸ்பெக்டர் விட்டுடுவார். இந்தத் தெரு விடுமா? அந்தம்மா பூட்டைத் திறப்பாங்களா? கடைசி வரைக்கும் அவன் நாய்க்கு விஷம் வெச்சவன்தான். விஷம் வெச்சவன்கிட்ட எவன் சமையல் பாத்திரத்தை ஈயம் பூசக் கொடுப்பான்?”

“நேர்ச்சையைச் சொல்லிட்டா என் பையன் வரமாட்டான்!” ஹெட்மாஸ்டர் அலறினார். “உங்களுக்கு அது புரியுதா, புரியலையா?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. “நாயி போச்சு. இப்ப அந்த ஆளு போவணுமா? அந்தக் கைக்கொழந்தை போவணுமா? உம் புள்ள ஒர்த்தன் வர்றதுக்கு இன்னும் எத்தினி பேரைய்யா கேக்கும் உன் சாமி?”

அறை விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது கீழே அன்வரி பேகம் வீறிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டர் இனாயத்தின் கழுத்துத் துணியை முறுக்கிப் பிடித்திருந்தார். அவன் திமிறத் திமிற இரண்டு கான்ஸ்டபிள்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கைதட்டல்.

நான் திரும்புவதற்குள் ஹெட்மாஸ்டர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு படி இறங்கிவிட்டார். செருப்பில்லை. நெற்றித் துண்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது.

“விடுங்க அவனை!” நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் அடக்குகிற தொண்டை அது. தெரு கப்சிப்பென்று ஆனது. “ராபினைக் கொன்னது இனாயத் இல்லை. நான்தான்.”

“என்ன சார் உளர்றீங்க?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“காபி கொடுத்துக் கொன்னேன். தினம் கொடுத்தேன். நேத்துக் கூஜா நிறைய டிகாக்ஷன் கொடுத்தேன். அது நாய்க்கு விஷம்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கொன்னேன். ஆனா நான்தான் கொன்னேன்.” மூச்சு வாங்கினார். “என் பையனுக்காகக் காபியை விட்டிருந்தேன். அது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நாய்க்கு ஊத்தினேன்.”

வாசற்படியில் நின்ற வேதவல்லி அம்மாளின் முகம் கோணிப்போனது. “என் காபியையா? நாய்க்கா ஊத்தினேள்?” குரல் கிறீச்சிட்டது. “தினம் படியிலே வெச்சுட்டுக் கூப்பிட்டேனே! மண்டி நிக்கறதேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் மனசுக்குள்ளே புழுங்கினேனே! இனிமே இந்தாத்திலே உமக்குப் பச்சைத் தண்ணி கிடையாது.” இடுப்பிலிருந்து சாவியை உருவித் தெருவில் வீசினாள். அது இனாயத்தின் காலடியில் விழுந்தது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்களையெல்லாம் நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு, அறுபத்துமூவர் பந்தோபஸ்தை விட்டு வந்த நேரத்தை நினைத்துக்கொண்டு போனார். கல் எறிந்தவர்கள் உற்சவம் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருத்தனும் ஒரு தவலையை நிமிர்த்தி வைக்கவில்லை.

இனாயத் சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்தான். துருத்தியை உள்ளே தூக்கிப் போட்டான். ஹெட்மாஸ்டர் அவன் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். “இனாயத், என்னை…”

“மன்னிப்பு கின்னிப்புன்னு எதுனா கேட்டே, குறடால அடிப்பேன்” என்றான் இனாயத். “நேத்திக்கு ராத்திரி எம் பொண்டாட்டி புள்ளையோட இந்தப் புழுதியில படுத்தா. உன் கையி எனக்கு எதுக்கு? ஒண்ணே ஒண்ணு செய்யி. நாளைக்கு உம் புள்ள வந்து நாயி எங்கன்னு கேட்டா, இனாயத் கொன்னான்னு சொல்லாத. அது போதும்.”

ஹெட்மாஸ்டர் கூப்பிய கையை இறக்கினார். “அவன் எங்கே வரப்போறான்? நான்தான் நேர்ச்சையை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.”

அன்வரி பேகம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகிறவள் வாசலில் நின்று, கண்ணில் இம்மியும் இரக்கமில்லாமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“வருவான்” என்றாள். “வந்து உன்னியே கேப்பான்.”

“கேக்கட்டும்மா” என்றார் ஹெட்மாஸ்டர். அழுதுகொண்டிருந்தார். “வந்து கேக்கட்டும்.”